பனி பெய்வதில்லை

மார்கழி பிறந்துவிட்டால் மயிலாப்பூரில் "நேத்து ராத்திரி நல்ல பனி பெஞ்சுது" என்று பேச்சு ஆரம்பித்துவிடும். ஊட்டியில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் படத்துக்கு "பனிப்பொழிவு" என்று தலைப்பு போடுவார்கள். உண்மையில் இரண்டு இடத்திலும் வானத்திலிருந்து எதுவும் விழவில்லை. காஷ்மீரில் விழுகிறது, அது மேகத்திலிருந்து வருவது. நம் மொட்டைமாடித் தொட்டியில் இருப்பதும் ஊட்டிப் புல்லில் இருப்பதும் இலையின் மேலேயே உருவானவை. எல்லாவற்றுக்கும் பனி என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டதால் வந்த குழப்பம்.

எப்படி உருவாகிறது? எந்தப் பொருளும் வெப்பத்தைக் கதிராக வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. மேகமில்லாத இரவில் இலை வானத்துக்குக் கொடுக்கும் அளவுக்கு வானம் திருப்பிக் கொடுப்பதில்லை. இலை மெல்லியது, கையிருப்பு வெப்பம் குறைவு. அதனால் சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். அதைத் தொடும் காற்றிலுள்ள ஈரம் துளியாகப் படிகிறது. மேகம் இருந்தால் போச்சு, காற்று அடித்தாலும் போச்சு. அதனால் சென்னையில் பனி பார்க்க மார்கழியைவிடத் தை மாதம்தான் சரி என்பது என் கட்சி. வடகிழக்குப் பருவமழை மேகமெல்லாம் அதற்குள் கலைந்திருக்கும்.

இதைச் சோதித்துக் காட்டியவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற லண்டன் மருத்துவர். ஒரு தோட்டத்தில், கால் வைத்த பலகையின் மேலே கொஞ்சம் கம்பளிப் பஞ்சு, அடியில் அதே எடைக்குப் பஞ்சு. காலையில் எடை போட்டால், வானத்தைப் பார்த்துக் கிடந்த பஞ்சில்தான் ஈரம் அதிகம். பனி மேலிருந்து விழுகிறது என்பதற்கும் இது பொருந்துமே என்று கேட்கலாம். அடிப்பஞ்சிலும் கொஞ்சம் ஈரம் ஏறியிருந்தது என்பதுதான் பதில். 1814இல் புத்தகமாகப் போட்டார்.

நான் செய்தது இன்னும் எளிது. ஒரு புதினாத் தொட்டிக்கும் ஒரு சேம்புத் தொட்டிக்கும் மேலே பழைய குடைகளை விரித்துக் கட்டினேன். காலை ஆறரைக்குப் போய்ப் பார்த்தால், வெளியே இருந்த புதினா முழுக்கச் சாம்பல் பூத்தமாதிரி நுண்துளிகள். விரலால் தொட்டால் பச்சையாக ஒரு கோடு விழுகிறது. சிலந்தி வலை ஒன்று, நேற்றுவரை அங்கே இருந்ததே தெரியாதது, ஒவ்வொரு இழையிலும் மணி கோத்து நிற்கிறது. குடைக்குக் கீழே இருந்த புதினா காய்ந்து கிடந்தது. ஆனால் குடைக்குள் இருந்த சேம்பு இலையின் நுனியில் மட்டும் ஒரு பெரிய துளி!

அது பனியே இல்லை. இரவில் வேர் தள்ளும் தண்ணீர், இலையோரத்துச் சின்னத் துளைகள் வழியாகக் கசிவது. இலைப்பரப்பு முழுக்கப் பரவியிருந்தால் பனி, நுனியிலும் ஓரத்திலும் மட்டும் உட்கார்ந்திருந்தால் கசிவு. தக்காளிச் செடியில் இரண்டையும் ஒரே இலையில் பார்க்கலாம். ஏழரைக்குள் பார்த்துவிடுங்கள், வெயில் ஏறினால் இருக்காது.

"தலையில பனி இறங்கும், துண்டு கட்டு" என்ற பாட்டி வைத்தியமும் முழுத் தப்பில்லை. எதுவும் இறங்குவதில்லை, ஆனால் திறந்த வானத்தின் கீழ் தலையும் வெப்பத்தை இழக்கத்தான் செய்யும்.

ஊட்டியிலும் இதே கணக்குதான், அளவுதான் வேறு. வானிலைக் கருவி ஆள் உயரத்தில் இரண்டு, மூன்று டிகிரி காட்டும்போதே தரையோரப் புல் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும்; ஈரம் நேரடியாகப் பனிக்கட்டிப் படிகமாகிறது. குளிர்காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தலைக்குந்தா மாதிரி இடங்களில் உறைபனி அதிகம் என்பது அதனால்தான். பார்க்கப் போகிறவர்களுக்கு அது அழகு, தேயிலைக் கொழுந்து கருகிப்போனவருக்கு நஷ்டம். தாவரவியல் பூங்காவில் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் செடி வைத்து மூடுவார்கள். நான் கட்டிய குடையும் அந்த மிலாரும் செய்வது ஒரே வேலை: செடிக்கு வானத்தை மறைப்பது.

எங்கள் குடியிருப்பில் இப்போது மொட்டைமாடி முழுக்க ஷீட் போடும் பேச்சு நடக்கிறது. மேல்தளத்து வீடுகளில் மழைக்கு ஒழுகுகிறது, அவர்கள் கேட்பது நியாயம். ஆனால் ஷீட்டுக்குக் கீழே செடி வளரலாம், பனி படியாது. ஒழுகும் மேற்குப் பாதிக்கு மட்டும் ஷீட் போதும், கிழக்குப் பாதிக்குத் தரையில் நீர்க்காப்புப் பூச்சு அடிக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை.