கிறுக்கலும் முத்தெழுத்தும்

நைனார்பாளையத்தில் ஓர் இல்லத்தின் திண்ணை. மாலை வேளை. ஐந்தாம் வகுப்பில் பயிலும் மகனின் வீட்டுப்பாட ஏட்டைப் புரட்டிய தந்தை, "இது என்னடா எழுத்தா? கோழி கிண்டியது போல் இருக்கிறது! கிறுக்கித் தள்ளியிருக்கிறாயே!" என்று சினந்தார். சிறுவனின் கண்களில் நீர் திரண்டது. அருகே கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்தார். "ஏன் தம்பி, நீ வெளியூரில் படித்தபோது எழுதிய கடிதங்களைப் படித்துச் சொல்லத் தபால்காரரே திணறினாரே, மறந்துவிட்டாயா?" என்றார். தந்தையின் சினம் புன்னகையாய் மாறியது.

அன்பார்ந்த வாசகர்களே, இத்தகைய காட்சி நம் இல்லங்களுக்குப் புதிதன்று. அழகிய கையெழுத்தைப் புகழ நம் மக்கள் கடலுக்குள் மூழ்கி முத்தெடுத்து வந்தார்கள். 'முத்து முத்தான எழுத்து', 'முத்துக் கோத்தாற் போன்ற எழுத்து' என்றார்கள். அவசர எழுத்தை இகழவோ கொல்லைப்புறத்துக் குப்பைமேட்டுக்குச் சென்றார்கள். இரை தேடும் கோழி காலால் மண்ணை வாரி இறைப்பதைக் கண்டவர்க்கு அந்த உவமை விளங்கும். அங்கே வேகம் உண்டு, ஒழுங்கு இல்லை.

'கிறுக்கல்' என்னும் சொல் இன்னும் கூர்மையானது. கிறுக்கு என்பது கண்டபடி கோடிழுப்பதையும் குறிக்கும். தலைச்சுற்றலையும் பித்தையும் குறிக்கும். ஆகவே, அச்சொல் யார் வாயிலிருந்து யாரை நோக்கிப் புறப்படுகிறது என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறுகிறது. 'அவசரத்தில் கிறுக்கியிருக்கிறேன், பொறுத்துக்கொள்க' என்று நண்பனுக்கு எழுதினால் அது பணிவு. தன் கவிதைகளையே 'என் கிறுக்கல்கள்' என்று கவிஞன் சொன்னால் அது அடக்கம். அதையே ஒரு குழந்தையின் முகத்துக்கு நேரே வீசினால் அது காயம். எழுத்தைத் திட்டுவதாக நாம் எண்ணுகிறோம். குழந்தையோ தன்னையே திட்டியதாகக் கொள்கிறது. போதாக்குறைக்கு, கையெழுத்தையும் தலையெழுத்தையும் முடிச்சுப் போட்டுப் பேசும் வழக்கமும் நம்மிடம் உண்டு!

அப்படியானால் எழுத்து எப்படி இருந்தாலும் சரிதானா? இல்லை. 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான். பாடினவன் பாட்டைக் கெடுத்தான்' என்பது பழமொழி. பனையோலையில் எழுத்தாணியால் எழுதியவர்கள், ஓலை கிழிந்துவிடும் என்று அஞ்சிப் புள்ளியிடாமல் விடுவது வழக்கம். புள்ளியிட்டால் குறில், இல்லையேல் நெடில் என்பது எகர ஒகரங்களுக்குப் பழைய முறை. புள்ளி மறைந்தபின், ஒரே எழுத்தை 'எரி' என்றும் படிக்கலாம், 'ஏரி' என்றும் படிக்கலாம். ஒன்று நெருப்பு, மற்றொன்று நீர்!

இக்குழப்பத்தைத் தீர்க்க வழி கண்டவர் வீரமாமுனிவர் (1680-1747). அண்டை மாவட்டமான கடலூரில், விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் எழுப்பிய அதே இத்தாலிய நாட்டுத் துறவிதான். நெடில் எழுத்துக்கு வேறு வடிவம் தந்து, ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு செய்தார். இன்று நம் பிள்ளைகள் தடுமாறாமல் படிக்கிறார்கள் என்றால், படிப்பவர் இடர்ப்படக் கூடாதே என்று ஒருவர் கவலைப்பட்டதே காரணம்.

அந்தக் கவலை இன்றும் தேவை. மருந்துச் சீட்டில் ஓர் எழுத்து மாறினால் மருந்தே மாறிவிடும். அதனால்தான் மருந்துகளின் பெயரைத் தெளிவாகவும், கூடுமானவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலும் எழுதவேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-ஆம் ஆண்டு விதி செய்தது. திருமுழுக்குப் பதிவேட்டில் தாயின் பெயரை அவசரமாய் எழுதிவிட்டால், இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துத் திருமணத்திற்குச் சான்றிதழ் கேட்டு வரும் மகனன்றோ அலைய வேண்டும்? எழுதியவருக்கு மிச்சமானது ஒரு நொடி. படிப்பவருக்குச் செலவாவது பல நாள்.

ஆகவே, பெற்றோரே, இரண்டு அளவுகோல்கள் வைத்துக்கொள்வோம். நாம் பிறருக்கு எழுதும்போது கண்டிப்பான அளவுகோல்: இதை முதியவர் ஒருவர் மங்கிய விளக்கொளியில் படிக்க இயலுமா என்று கேட்டுக்கொள்வோம். குழந்தையின் ஏட்டைத் திருத்தும்போது கனிவான அளவுகோல்: பக்கம் முழுவதும் தேடி, நன்றாய் அமைந்த ஓர் எழுத்தைச் சுட்டிக்காட்டி, "இதைப் போல மற்றதையும் எழுது, கண்ணு" என்போம்.

அந்தத் திண்ணையில் பாட்டி செய்ததும் அதுவே. பேரனின் ஏட்டை வாங்கி, விரலால் ஒரு 'ழ'கரத்தைத் தொட்டு, "இது முத்து" என்றார். சிறுவன் கண்களைத் துடைத்துக்கொண்டு பென்சிலைச் சீவத் தொடங்கினான்.