அதிரசமும் கடைமடைப் பற்களும்

வெல்லத்தில் செய்த பலகாரம் பல்லைக் கெடுக்காது என்கிறார்களே, உண்மையா? தீபாவளி நெருங்கும் வேளையில் கும்பகோணத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். உண்மையில்லை. வெல்லத்தில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். வெள்ளைச் சர்க்கரையிலும் அதுவேதான். பல்லில் ஒட்டி வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் பாக்டீரியா இரண்டையும் ஒன்றுபோலவே தின்று ஒன்றுபோலவே அமிலம் சுரக்கும். வெல்லத்திலுள்ள தாதுக்கள் பல்லைக் காக்கும் என்று விளம்பரம் செய்பவர்கள், அந்தத் தாது எவ்வளவு இருக்கிறது, வாயில் எத்தனை நிமிடம் தங்குகிறது என்பதை மட்டும் எழுதுவதே இல்லை.

எந்தச் சர்க்கரை என்பதைவிட, ஒரு நாளில் எத்தனை முறை என்பதுதான் முக்கியமான கேள்வி. டெல்டாவில் ஐப்பசியில் அதிரசத்தோடு தொடங்கும் இனிப்புப் பருவம், கார்த்திகைப் பொரி உருண்டையைத் தாண்டி, தைக் கரும்பு வரை நீள்கிறது. நான்கு அதிரசத்தை ஒரே வேளையில் தின்பவரைவிட, அடுக்களைப் பக்கம் போகும்போதெல்லாம் டின்னைத் திறந்து அரை அதிரசமாகக் கிள்ளித் தின்பவரின் பல்லுக்கே ஆபத்து அதிகம்.

காரணம் உமிழ்நீர். இனிப்பு உள்ளே போன சில நிமிடங்களில் பல்லின் மேல் படிந்த பாக்டீரியாப் படலத்தின் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்குகிறது. அதற்குக் கீழே போனால் எனாமலின் கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். இந்த இறக்கத்தை 1940-களில் அமெரிக்காவின் ராபர்ட் ஸ்டீபன் அளந்து காட்டினார். இறங்குவது நிமிடங்களில், பழைய நிலைக்கு ஏறுவதற்கோ அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். ஏற்றிவிடுவது உமிழ்நீர்தான். அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை முறிக்கிறது. அதோடு நிற்காமல், கரைந்துபோன கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் தன்னிடமிருந்தே கொடுத்து எனாமலை மறுபடி கெட்டிப்படுத்துகிறது. கல்போல நிற்பதாக நாம் நினைக்கும் பல், அன்றாடம் கரைந்து அன்றாடம் கட்டப்படுகிறது!

காவிரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். உமிழ்நீரும் வாய்க்கால் நீர்தான். எல்லா வயலுக்கும் ஒரே அளவில் பாய்வதில்லை. நாக்கின் அடியில் திறக்கும் சுரப்பிக்கு நேர் எதிரே இருக்கும் கீழ் முன்பற்களின் உட்புறம் தலைமடை. அங்கே பாயும் நீரின் தாதுக்கள் வண்டலாகப் படிவதால்தான் பற்காரை அங்கே அதிகம் சேர்கிறது. மேல் முன்பற்களின் வெளிப்புறம் கடைமடை. நீர் மெல்லிய படலமாகத்தான் வந்துசேரும். பாக்டீரியாக்கள் சுக்ரோஸிலிருந்து நெய்துகொள்ளும் பசை, ஆகாயத்தாமரை மண்டிய வாய்க்காலைப் போல, நீரைப் பல்லிடம் நெருங்கவிடாது. பல் துலக்குவது தூர்வாருவது. தூங்கப் போனால் மேட்டூர் மதகை இறக்கியதுபோலத்தான். உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுவிடும். படுக்கும்முன் தின்ற மைசூர்பாகு விடியும்வரை வறண்ட வயலில் நிற்கிறது. அடிக்கடி கொறிப்பவரோ ஒரு முறைப்பாசனம் முடிவதற்குள் அடுத்த அமிலத்தைத் திறந்துவிடுகிறார்.

இதற்கு நேரடிச் சான்று ஸ்வீடனின் லுண்ட் நகரை ஒட்டிய விப்பேஹோல்ம் மருத்துவமனையிலிருந்து வந்தது. மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு, அவர்களின் சம்மதமின்றி, ஒட்டும் டாஃபியைக் கொடுத்துப் பல்லைச் சொத்தையாக்கினார்கள். முடிவுகள் 1954-இல் வெளியாயின. சாப்பாட்டோடு உண்ட சர்க்கரையால் சேதம் குறைவு; இடைவேளைகளில் மென்ற டாஃபியால் பெருஞ்சேதம். பயனுள்ள முடிவுதான். ஆனால் அதைப் பெற்ற விதம் மன்னிக்கத்தக்கதல்ல.

ஒட்டும் பண்டம் எது என்பதிலும் நம் நாக்கை நம்ப முடியாது. 1991-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மக்கள் ‘ஒட்டுகிறது’ என்று சொன்ன கேரமெல் சீக்கிரம் கரைந்து போவதையும், மாவுச்சத்துள்ள பிஸ்கட்டும் உருளை வறுவலும் அதிக நேரம் பல்லில் தங்குவதையும் காட்டியது. பொரி உருண்டையைக் கடித்துவிட்டுக் கடைவாய்ப் பல்லை நாக்கால் தடவிப் பாருங்கள். பாகு கரைந்த பிறகும் பொரி கூழாகிப் பள்ளத்துக்குள் அப்பியிருக்கும். இனிப்பில்லை என்பதற்காக முறுக்கையும் முழுதாக விட்டுவிட முடியாது.

ஆகவே இலையில் சாப்பாட்டோடு இனிப்பையும் சேர்த்தே முடித்துவிடுங்கள். மெல்லும்போது உமிழ்நீர் பெருகும், அதில் பைகார்பனேட்டும் கூடும். முடிந்ததும் தண்ணீரால் நன்றாகக் கொப்பளியுங்கள். விருந்துக்குப் பின் கும்பகோணம் வெற்றிலை போட்டாலும் எச்சில் ஊறும் என்பது சரிதான். ஆனால் புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. பல்லைக் காக்கப் பாக்கு போடுவது வேண்டவே வேண்டாம்.

இனிப் பல் துலக்குவதற்கு வருவோம். கரித்தூள் பற்பசை எனாமலைத் தேய்த்துவிடும். எண்ணெய் கொப்பளிப்பு ஃப்ளூரைடுக்கு மாற்றாகாது. ஃப்ளூரைடு சேர்ந்து உருவாகும் எனாமல் படிகம் பி.எச். 4.5 வரை தாங்கும்; ‘மூலிகை’ என்று அச்சிட்ட பற்பசைகள் பலவற்றில் ஃப்ளூரைடு இருப்பதில்லை. டியூபின் பின்புறத்தைப் படித்து, 1000 பி.பி.எம். ஃப்ளூரைடு உள்ளதை வாங்குங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி மணியளவு போதும். ஆறு வயது வரை பட்டாணியளவு. தருமபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரிலேயே ஃப்ளூரைடு மிகுந்த ஊர்க்காரர்கள் மருத்துவரைக் கேட்டு முடிவுசெய்யட்டும். இரவில் துலக்கிய பின் நுரையைத் துப்பினால் போதும். தண்ணீரால் கழுவித் தள்ளாதீர்கள். அதன் பிறகு அதிரச டின்னைத் திறக்கவே கூடாது.

பண்டிகை முடிந்ததும் பிள்ளைகளின் மேல் முன்பற்களை வெளிச்சத்தில் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஈறோரத்தில் சுண்ணாம்பு நிறத்தில் மங்கலான திட்டு தெரிந்தால், அது கரையத் தொடங்கிய எனாமல். உமிழ்நீரும் ஃப்ளூரைடும் அதை இன்னும் மீட்க முடியும். குழி விழுந்துவிட்டால் அவற்றால் முடியாது. வலி வருமுன் பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.