ஊன்றிய காலும் உதைக்கும் காலும்

கலோரிக் கணக்கின் குழப்பம்

கிக்பாக்ஸிங் வகுப்புக்கு ஆள் சேர்க்கும் விளம்பரங்களில் தவறாமல் இடம்பெறுவது கலோரி. ஒரு மணி நேரத்தில் 800 கலோரி கரைந்துவிடும் என்பார்கள். சிலர் ஆயிரத்துக்கும் கூசுவதில்லை. 1990களின் இறுதியில் அமெரிக்க உடற்பயிற்சிக் கவுன்சில், இசைக்கு ஏற்பக் குத்தியும் உதைத்தும் செய்யும் வகுப்புகளை அளந்து பார்க்க ஏற்பாடு செய்தது. கிடைத்த எண் மணிக்கு 350 முதல் 450 கலோரி வரைதான். உடற்பயிற்சி ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஆற்றல் செலவு அட்டவணையும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. தொங்கும் மூட்டையைக் குத்துவது, சும்மா உட்கார்ந்திருப்பதைப்போல ஐந்தரை மடங்கு ஆற்றலைக் கேட்கும் வேலை. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் அதைச் செய்தால் சுமார் 330 கலோரி. எண்ணெய் தாராளமாக விட்ட ஒரு மசால் தோசை அதைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

கொழுப்பைக் கரைக்க மட்டுமே என்றால் கிக்பாக்ஸிங்குக்கு மாதக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. வேகமான நடையும் தட்டில் கொஞ்சம் கட்டுப்பாடும் மலிவான வழி. இருந்தும் இந்தப் பயிற்சி பயனுள்ளது என்று வாதிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதன் பயன் வியர்வையின் அளவில் இல்லை. சமநிலை, உடலைத் திருப்பும் திறன், சட்டென்று விசை கூட்டும் வேகம், கண்ணும் காலும் ஒத்துப்போகும் இசைவு என்று நம் அன்றாட வாழ்க்கை ஏறக்குறைய கைவிட்டுவிட்ட பலவற்றை அது ஒரே நேரத்தில் வேலை வாங்குகிறது. ஆனால் அதை ஒரு வித்தையாக, நிதானமாகக் கற்றால்தான் இவை கிட்டும். கலோரியைத் துரத்துகிறவர் முதலில் பலி கொடுப்பது இந்த நிதானத்தைத்தான்.

ஒரு குத்து எங்கிருந்து கிளம்புகிறது

கிக்பாக்ஸிங் பழங்கலை அல்ல. 1960களில் ஜப்பானில் கராத்தேயையும் தாய்லாந்தின் முவாய் தாயையும் ஒரே மேடையில் மோதவிட்ட முயற்சியிலிருந்து பிறந்தது. ஒசாமு நோகுச்சி என்ற குத்துச்சண்டை அமைப்பாளர் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. பில்லி பிளாங்க்ஸ் என்ற அமெரிக்கக் கராத்தே வீரர் எதிராளியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாட்டை வைத்தார். ‘டே போ’ என்ற அவருடைய வீடியோக்கள் 1990களில் வீட்டு வரவேற்பறைகளுக்குள் உதையையும் குத்தையும் கொண்டுவந்தன. இன்று நம் ஊர் ஜிம்களில் நடப்பவற்றில் பெரும்பாலானவை மேடைச் சண்டைக்கும் டே போவுக்கும் இடைப்பட்டவை: கொஞ்சம் காற்றில் குத்தும் ஷேடோ பாக்ஸிங், கொஞ்சம் மூட்டை, கொஞ்சம் மாஸ்டர் பிடிக்கும் பேட்.

குத்துவது கையின் வேலை என்றுதான் புதிதாக வருகிறவர் நினைக்கிறார். 1980களில் சோவியத் ஆய்வாளர்கள் வெவ்வேறு தேர்ச்சி நிலைகளில் இருந்த குத்துச்சண்டை வீரர்களின் நேர்க்குத்தை அளந்தபோது வேறொரு சித்திரம் தெரிந்தது. தேர்ந்த வீரர்களின் குத்தில் சுமார் 38 சதவீத விசை, பின்கால் தரையை உந்துவதிலிருந்து வந்தது. 37 சதவீதம் உடல் திரும்புவதிலிருந்து. கையின் பங்கு 24 சதவீதமே. இளநிலை வீரர்களிடம் கையின் பங்கு 38 சதவீதத்தை எட்ட, கால் தந்தது சுமார் 17 சதவீதம் மட்டும். தேர்ச்சி என்பது விசை தோளிலிருந்து பாதத்துக்கு இறங்கி வருவது என்று இதைப் படிக்கலாம். சிலம்பத்தில் கம்பு சுற்றுவதற்கு முன்பே காலடி பழக்குவதன் காரணமும் இதற்கு வெகு தொலைவில் இல்லை.

உடல்நலத்துக்கும் இந்த எண்களுக்கும் என்ன தொடர்பு? கையால் மட்டும் குத்துகிறவருக்குத் தோள் வலிக்கும், அவ்வளவுதான். பாதத்திலிருந்து குத்துகிறவருக்குக் கெண்டைக்கால், தொடை, பிட்டம், வயிற்றின் பக்கத் தசைகள், முதுகு, தோள் என்று ஒரு சங்கிலியே வரிசையாக வேலை செய்கிறது. ஜாப், கிராஸ், ஹூக் என்று மூன்று குத்துகளை முறையாகப் போட்டால் இடுப்பு மூன்று முறை திசை மாறுகிறது. மேசை நாற்காலியில் எட்டு மணி நேரம் இருப்பவரின் உடல் நாள் முழுக்க ஒருமுறைகூட அப்படித் திரும்புவதில்லை. ஒரே மூட்டை, ஒரே முப்பது நிமிடம். நுட்பம் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் அது இரண்டு வேறு உடற்பயிற்சிகள்.

ஒற்றைக்காலில் நிற்கும் வேலை

உதை என்றால் எல்லார் கண்ணும் மேலே போகும் காலில்தான் இருக்கும். எவ்வளவு உயரம் போகிறது, எவ்வளவு சத்தம் கேட்கிறது. உடலுக்குப் பெரிய பாடம் நடப்பதோ கீழே ஊன்றியிருக்கும் காலில். முழு எடையையும் தாங்கிக்கொண்டு, திரும்பிக்கொண்டு, மேலே சுழலும் காலின் இழுப்புக்கு ஈடுகொடுத்து நிற்க வேண்டியது அது. கணுக்காலைச் சுற்றியுள்ள சிறு தசைகளும், இடுப்பைச் சாயவிடாமல் பிடிக்கும் பக்கவாட்டுப் பிட்டத் தசைகளும் அந்த அரை நொடியில் செய்யும் திருத்தங்களை எந்த எடை தூக்கும் எந்திரமும் கேட்பதில்லை.

சமநிலையை முதியோர் கவலை என்று ஒதுக்குவது நம் பழக்கம். பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரை ஒற்றைக்காலில் பத்து நொடி நிற்கச் சொன்ன ஆய்வு 2022ல் வெளியானது. ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. பின்தொடர்ந்த சுமார் ஏழு ஆண்டுகளில், வயதையும் பிற நோய்களையும் கணக்கில் எடுத்த பிறகும், முடியாதவர்களிடம் இறப்பு அபாயம் 84 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஒற்றைக்காலில் நிற்கப் பழகினால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது; தள்ளாடும் கால் உள்ளே வேறு சிக்கல்கள் இருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். ஆனாலும் ஐம்பதைக் கடந்தவரின் சமநிலை அலட்சியப்படுத்தக் கூடியதல்ல என்பதை அது உறுதியாகக் காட்டுகிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்கு ஐந்து வாரம், வாரம் மூன்று நாள் கிக்பாக்ஸிங் கற்றுக்கொடுத்த ஒரு முன்னோட்ட ஆய்வும் உண்டு. அவர்களுடைய நடையும் சமநிலையும் மேம்பட்டன. மிகச் சிலரை மட்டும் வைத்துச் செய்தது என்பதால் அதைச் சான்று என்பதைவிட நம்பிக்கை தரும் குறிப்பு என்றே சொல்லலாம்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது வேகம். வயதாகும்போது தசையின் பலத்தைவிட, அந்தப் பலத்தைச் சட்டென்று வெளிப்படுத்தும் திறன் விரைவாகக் குறைகிறது. படியில் கால் இடறும்போது மற்றக் காலை உடனே முன்னே வைத்துத் தாங்கிக்கொள்ள உதவுவது இந்த இரண்டாவது திறன்தான். நடைப்பயிற்சி அதைத் தொடுவதே இல்லை. பேடில் விழும் ஒவ்வொரு வேகமான குத்தும் உதையும் அதற்கான பயிற்சி.

நடைப்பயிற்சி போதாதா?

நியாயமான கேள்வி. இந்தியாவில் வயது வந்தோரில் ஏறக்குறையப் பாதிப் பேர் 2022ல் போதிய உடலுழைப்பு இல்லாமல் இருந்தார்கள் என்று லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த கணக்கு சொல்கிறது. பெண்களிடம் இது 57 சதவீதம். நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று 2023ல் வெளியான ஆய்வு சொல்கிறது. இந்த நிலையில் யார் நடந்தாலும் நல்லதுதான். நடைக்கு எதிராகக் கிக்பாக்ஸிங்கை நிற்கவைப்பது வீண் சண்டை.

ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலை முழுவதும் படிப்பவர்கள் குறைவு. வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடும் உழைப்பு என்ற முதல் வரியோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்த வரி, வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியையும் சேர்க்கிறது. நடை முதல் வரியை நிறைவேற்றுகிறது. மற்ற இரண்டையும் தொடுவதில்லை. கிக்பாக்ஸிங் வகுப்பின் அமைப்பே இரண்டு, மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி சுற்று என்பதால், இதயத்துடிப்பு ஏறி இறங்கும் இடைவெளிப் பயிற்சி அதில் தானாகவே அமைந்துவிடுகிறது. ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு தன்னைத்தானே விரட்ட வேண்டியதில்லை.

துனீசிய ஆய்வாளர்கள் 2014ல் வெளியிட்ட ஆய்வில் வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், ஐந்து வாரம் கிக்பாக்ஸிங் பயின்றவர்களிடம் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன், மேலுடலின் விசை, வளைந்துகொடுக்கும் தன்மை, வேகம், சுறுசுறுப்பு எல்லாமே உயர்ந்தன. ஆய்வில் இருந்தவர்கள் முப்பது பேர்தான், ஆரோக்கியமான இளைஞர்கள். ஐம்பது வயதுச் சர்க்கரைக்காரருக்கும் ஐந்து வாரத்தில் இதே பலன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் ஒரே பயிற்சியில் இத்தனை திறன்கள் சேர்ந்து உயர்ந்தது கவனிக்கத்தக்கது.

இதிலும் இல்லாதது ஒன்று உண்டு. ‘முழு உடலுக்கும்’ என்று விளம்பரத்தில் போட்டாலும் குத்துவதும் உதைப்பதும் வெளியே தள்ளும் அசைவுகள். தன் பக்கம் இழுக்கும் வேலை அதில் மிகக் குறைவு. மேல்முதுகு வலுப்பெறாமல் தோள் முன்னோக்கிக் கூனுவதற்கு இது இடம்கொடுக்கும். வாரம் இரண்டு முறை பத்து நிமிடம் ரப்பர் பட்டையை இழுப்பதோ, கம்பியைப் பிடித்துத் தொங்கி உடலை மேலே இழுக்க முயல்வதோ அந்தக் குறையை நிரப்பும். தொடைக்கு எடை வைத்த ஸ்குவாட்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

அடிபடாதா?

அடிபடும், கவனமில்லாவிட்டால். இந்த எதிர்ப்பைச் சிரித்துக் கடந்துபோகும் பயிற்சியாளர்களை நம்பக் கூடாது. ஆனால் எந்த அடி, எதனால் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மிகப் பெரிய ஆபத்து தலையில் விழும் குத்து. திரும்பத் திரும்ப மூளை அதிர்வது நீண்ட காலக் கேடு தரும் என்பதில் மருத்துவ உலகுக்குச் சந்தேகம் இல்லை. உடல்நலத்துக்காக மட்டும் பழகுகிறவருக்கு, இன்னொருவரோடு மோதிப் பழகும் ஸ்பாரிங் தேவையே இல்லை. மேலே சொன்ன பலன்களில் ஒன்றுகூட எதிரே இன்னொருவர் நம் தலையைக் குறிவைப்பதால் வருவதல்ல. மூட்டையும் பேடும் போதும். இதை மறுத்து, ஸ்பாரிங் இல்லாமல் கிக்பாக்ஸிங் இல்லை என்பவர்கள் ஒரு போட்டியைப் பற்றிப் பேசுகிறார்கள், உடற்பயிற்சியைப் பற்றியல்ல.

மற்றக் காயங்கள் பெரும்பாலும் நுட்பப் பிழைகள். பக்கவாட்டில் சுழற்றி உதைக்கும் ரவுண்ட் கிக்கில் இடுப்பு சுழலும்போது ஊன்றிய பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு நின்றால், அந்தத் திருகல் முழுவதும் முழங்காலின் சவ்வுகளில் போய் இறங்கும். குதிகால் லேசாக எழுந்து இலக்கை நோக்கித் திரும்ப வேண்டும். தரையைக் கவ்வும் ஓட்டக் காலணியோடு உதை பழகுவது இதனால்தான் சரியில்லை. காற்றில் குத்தும்போது முழங்கையை முழுக்க நீட்டி உதறினால் மூட்டு வலிக்கும். கையில் சின்ன டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு காற்றில் குத்துவது தோளுக்கு நேரடி வம்பு, அது வலுவூட்டுவதுமில்லை. மூட்டையில் குத்தும்போது அடி ஆட்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளில் விழ வேண்டும். சுண்டுவிரல் பக்கம் விழுந்து உள்ளங்கை எலும்பு முறிவதற்கு ‘பாக்ஸர் முறிவு’ என்றே பெயர். கிளவுஸுக்குள் மணிக்கட்டோடு சேர்த்துத் துணிப்பட்டை சுற்றுவது அலங்காரம் அல்ல.

பட்டியல் நீளமாகத் தெரிந்தாலும் எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றுதான்: வேகத்தைக் குறைப்பது. இசையின் துள்ளலுக்கு ஈடுகொடுக்க முதல் வாரமே நூறு உதை உதைக்கும் வகுப்பில் இந்தப் பிழைகளைத் திருத்த யாருக்கும் நேரமில்லை. கலோரி ஆசையும் காயமும் ஒரே வீட்டில் குடியிருப்பவை.

மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டியவர்கள்

இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், சமீபத்திய அறுவை சிகிச்சை, கர்ப்பம், இடுப்பு அல்லது முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீரிழிவு விழித்திரையைத் தாக்கிப் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தால் துள்ளலும் அதிர்வும் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு மூட்டையை உதைக்கக் கூடாது. புண் வந்தாலும் தெரியாது. இன்சுலினோ, சர்க்கரையைத் தாழச் செய்யும் மாத்திரையோ எடுப்பவர்கள் பையில் இனிப்பு வைத்திருப்பது நல்லது. ஒவ்வொரு குத்துக்கும் மூச்சை வெளியே விட வேண்டும் என்பது எல்லாருக்கும் பொது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தினால் ரத்த அழுத்தம் திடீரென ஏறும்.

வகுப்பைப் பார்க்கப் போகும்போது

சேர்வதற்கு முன் ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். முதல் பத்து, பதினைந்து நிமிடம் உடலைச் சூடேற்றுகிறார்களா, புதியவரையும் பழகியவரையும் ஒரே வேகத்தில் ஓட்டுகிறார்களா, புழுக்கமான கூடத்தில் தண்ணீர் குடிக்க நிறுத்துகிறார்களா என்பவை எளிதில் தெரியும். புதியவருக்கு வாரம் இரண்டு நாள், நடுவில் ஓய்வு, சுற்றின் நடுவிலும் ஒரு சிறு வாக்கியம் பேச முடிகிற அளவு மூச்சு, அதுவே ஆரம்பத்துக்குப் போதும். ஆறு வாரம் இடுப்பு உயரத்துக்கு மேல் உதைக்க வேண்டியதே இல்லை.

கடைசியாக மாஸ்டரின் கண்ணைக் கவனியுங்கள். மாணவர் உதைக்கும்போது அவர் மேலே பறக்கும் காலைப் பார்த்துக் கைதட்டுகிறாரா, குனிந்து தரையில் இருக்கும் பாதத்தைத் தொட்டுத் திருப்பிவிடுகிறாரா? இரண்டாமவரின் வகுப்பில் பாட்டுச் சத்தம் குறைவாக இருக்கலாம். கூட்டமும் குறைவாக இருக்கலாம். பணத்தை அங்கே கட்டுங்கள்.