டென்னிஸ் ஆடாதவருக்கு 'டென்னிஸ் முழங்கை'!

காலையில் காப்பி டம்ளரைத் தூக்குகிறார் தச்சர் ஒருவர். முழங்கையில் சுரீர் என்று வலி! நேற்று வரை நாள் முழுவதும் சுத்தியல் பிடித்த கை அது. இன்று டம்ளரைத் தூக்க முடியவில்லை. வேலைக்குப் போகாவிட்டால் கூலி ஏது?

இந்த வலிக்கு 'டென்னிஸ் முழங்கை' என்று பெயர். 1880-களில் இங்கிலாந்து டாக்டர்கள், டென்னிஸ் ஆடியவர்களிடம் இதைக் கண்டதால் வந்த பெயர் இது. ஆனால், இந்த வலியால் அவதிப்படுகிறவர்களில் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. தச்சர், கொத்தனார், பெயிண்டர், தினமும் துணி பிழியும் பெண்கள் என்று பலருக்கும் வருகிறது.

ஏன் வருகிறது?

மணிக்கட்டைத் தூக்கும் தசைகளின் நார், முழங்கையின் வெளிப்புற எலும்பில் ஒட்டியிருக்கிறது. சுத்தியலை இறுகப் பிடித்தாலும், திருப்புளியை முறுக்கினாலும் அந்த நார் இழுபடும். ஓயாமல் இழுபட்டால், கிணற்றுக் கயிறு போல நைந்து போகும்.

ஊசி போடலாமா?

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். அதன் பிறகு? ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2013-ல் வெளிவந்தது. சிலருக்கு அந்த மருந்தையும், மற்றவர்களுக்கு வெறும் உப்பு நீரையும் ஊசியாகப் போட்டார்கள். ஓராண்டுக்குள், மருந்து ஊசி போட்டவர்களில் 100-க்கு 54 பேருக்கு வலி திரும்பி வந்தது. உப்பு நீர் போட்டவர்களில் 100-க்கு 12 பேருக்கே திரும்பியது!

என்ன செய்யலாம்?

கையை அசைக்காமல் கட்டி வைக்க வேண்டாம். வலி தரும் வேலையை மட்டும் குறைக்க வேண்டும். பாரம் தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்கட்டும்; பாரம் உடம்பை ஒட்டி இருக்கட்டும்.

ஓர் எளிய பயிற்சியும் உண்டு. உள்ளங்கை கீழே பார்க்க, முன்கையை மேசைமேல் வைக்க வேண்டும். மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்க வேண்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மற்றக் கையின் உதவியால் மணிக்கட்டை உயர்த்தி, பிறகு மெல்ல மெல்லக் கீழே இறக்க வேண்டும். இப்படிப் பத்து முறை. லேசாக வலித்தால் பயமில்லை. வலி ஏறினால் நிறுத்திவிட வேண்டும்.

விரல் மரத்துப் போனாலோ, மூட்டு வீங்கினாலோ உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் ஓராண்டுக்குள் குணமாகிவிடுகிறார்கள். வேண்டியது பொறுமைதான். தச்சரின் கை மறுபடியும் டம்ளரைத் தூக்கும், சுத்தியலையும் பிடிக்கும்!