இரண்டே நிமிடத்தில் 27 டிகிரி!

‘வரலாற்றில் இன்று’ என்று தேதியைப் புரட்டினால் போர்களும் உடன்படிக்கைகளும் தலைவர்களின் பிறந்த நாள்களும் வரிசைகட்டி நிற்கும். ஜனவரி 22-ஆம் தேதியில் ஒரு வெப்பமானிக்கும் இடம் உண்டு.

1943-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், பிளாக் ஹில்ஸ் மலைகளின் வடக்கு அடிவாரத்தில் இருக்கும் ஸ்பியர்ஃபிஷ் என்னும் சிற்றூர். காலை 7.30 மணிக்கு அங்கே வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி செல்சியஸ். 7.32-க்கு 7 டிகிரி! இரண்டே நிமிடத்தில் 27 டிகிரி ஏறிவிட்டது. 9 மணிக்கு 12 டிகிரியைத் தொட்டது. கம்பளிக் கோட்டைக் கழற்றி மாட்டியவர்கள் அதை மறுபடி தேட வேண்டியதாயிற்று. அடுத்த 27 நிமிடத்தில் வெப்பநிலை பழையபடி மைனஸ் 20-க்கே சரிந்தது.

இந்த ஏற்ற இறக்கத்தை ஜன்னல் கண்ணாடிகள் தாங்கவில்லை, விரிசல் விட்டன. கார் ஓட்டியவர்களுக்கு வேறு விதமான சோதனை. கடுங்குளிரிலிருந்து வெதுவெதுப்பான காற்றுக்குள் நுழைந்ததும் முன்கண்ணாடியில் உறைபனி படிந்து பாதையை மறைத்தது. குளிர் குறைந்த இடத்தில் பனி எப்படி? கண்ணாடி இன்னும் உறைநிலைக்குக் கீழேயே இருந்தது. புதிய காற்றின் ஈரம் அதில் பட்டவுடன் உறைந்தது.

இத்தனைக்கும் காரணம் சினூக் என்னும் காற்று. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று ராக்கி மலைத்தொடரில் ஏறும்போது மழையாகவும் பனியாகவும் தன் ஈரத்தை இழக்கிறது. நீராவி நீராகும்போது வெப்பம் வெளிப்படுவதால், ஏறும் காற்று மெதுவாகத்தான் குளிர்கிறது. மறுபக்கம் இறங்கும்போது அது உலர்ந்த காற்று. ஒவ்வொரு கிலோமீட்டர் இறக்கத்துக்கும் ஏறக்குறைய 10 டிகிரி சூடேறுகிறது. ஏறும்போது இழந்ததைவிட இறங்கும்போது பெறுவது அதிகம். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டித் தமிழகப் பக்கம் வறண்டு, சூடாக இறங்குவதும் இதே விதிப்படிதான்.

சூடு வந்தது சரி, மறுபடி குளிர் ஏன் திரும்பியது? வடதுருவப் பகுதியிலிருந்து வந்த கனமான குளிர்காற்று, தாம்பாளத்துத் தண்ணீர்போல மலையடிவாரத்தில் தேங்கி நின்றது. சினூக் தள்ளியபோது அது விலகியது. தள்ளல் தளர்ந்ததும் மீண்டும் வந்து மூடியது. அந்தத் தேக்கத்தின் விளிம்பில் ஸ்பியர்ஃபிஷ் இருந்தது. அதே நாள் முற்பகலில், அருகிலுள்ள லீட் என்ற ஊரில் 11 டிகிரி. அங்கிருந்து சுமார் இரண்டரை கிலோமீட்டரில் தாழ்வாக இருக்கும் டெட்வுட்டில் மைனஸ் 27!

தேதியை ஒன்று நகர்த்தினால் 1916-ஆம் ஆண்டு ஜனவரி 23. மொன்டானா மாநிலத்தின் பிரவுனிங் நகரில் அன்று ஏறக்குறைய 7 டிகிரி இருந்தது. 24 மணி நேரத்துக்குள் துருவக் காற்று புகுந்து அதை மைனஸ் 49-க்கு இறக்கியது.

பிப்ரவரி 3, கனடாவுக்கு உரியது. 1947-இல் அன்று யூகான் பகுதியில், கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கில் இருந்த ஸ்னாக் வானிலை நிலையத்தில் வெப்பமானியின் திரவம் கடைசிக் கோட்டையும் தாண்டிக் கீழே போய்விட்டது. அதிகாரி கோர்டன் டூல், திரவம் நின்ற இடத்தில் அரத்தால் ஒரு கோடு கீறி வைத்தார். பிறகு கருவியை டொரண்டோவில் சோதித்து உறுதிசெய்த அளவு மைனஸ் 63 டிகிரி. ஆறு கிலோமீட்டருக்கு அப்பால் நாய்கள் குரைப்பதுகூட அங்கே தெளிவாகக் கேட்டதாம். தரையை ஒட்டிக் கடுங்குளிர்க் காற்றும் அதன்மேல் சற்றுச் சூடான காற்றும் இருந்தால், மேலே போகும் ஒலி வளைந்து தரைக்கே திரும்பும். அதனால்தான் ஒலி அவ்வளவு தூரம் சென்றது.

அந்த அரக்கோடு இல்லையென்றால் வட அமெரிக்காவின் புகழ்பெற்ற குளிர்ப் பதிவு ஒன்று நமக்குக் கிடைத்திருக்காது. ஸ்பியர்ஃபிஷ் கதையும் நேரத்தோடு குறித்து வைத்ததால்தான் நிலைத்தது. பள்ளி மாணவர்கள் ஒரு வெப்பமானியும் ஒரு குறிப்பேடும் வாங்கி, தினமும் ஒரே நேரத்தில் வெப்பநிலை, காற்றின் திசை, மழை மூன்றையும் எழுதி வரலாம். இந்த மார்கழியிலேயே தொடங்குங்கள்.