கரி அடுப்பு வாசலோடு நிற்கட்டும்!

ஊட்டிக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்குக் குளிர் ஒரு குஷி. இங்கேயே குடித்தனம் நடத்தும் எங்களுக்கோ நவம்பர் முதல் பிப்ரவரி வரை ராத்திரியானால் திண்டாட்டம்தான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரமாயிற்றே! உறைபனி விழுந்த காலைகளில் புல்தரை உப்பைக் கொட்டின மாதிரி வெளுத்துக் கிடக்கும். வெளிநாடுகளைப் போல வீடு முழுக்கச் சூடேற்றும் வசதியெல்லாம் நமக்கு ஏது?

அதனால் சில வீடுகளில், கரி அடுப்பு தணலானதும் படுக்கை அறையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்கள். "புகையே இல்லையே, வெறும் தணல்தானே?" என்பார்கள். ஆபத்தே அங்கேதான்! தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு சேர வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

"எங்க பாட்டி காலத்தில் வைக்கலையா?" என்று கேட்கலாம். அந்தக் கால ஓட்டு வீடுகளில் கூரை இடுக்கு வழியாகக் காற்று போய் வந்தது. பங்களாக்களில் கணப்புக்குப் புகைபோக்கி இருந்தது. இப்போதோ கான்கிரீட் கூரை, கண்ணாடி ஜன்னல். போதாததற்குக் கதவிடுக்கிலும் துணியை அடைக்கிறோம். அடுப்பு அதேதான், வீடுதான் மாறிவிட்டது.

அறையைச் சூடாக்குவதைவிட, உடம்புச் சூடு வெளியே போகாமல் காப்பதே சுலபம். நான் செய்வது இதுதான்:

* பகலில் ஜன்னலைத் திறந்து வெயிலை உள்ளே விடுவேன். வெயில் இறங்குவதற்குள் சாத்தித் திரை போட்டுவிடுவேன்.

* கம்பளி, போர்வைகளை மதியம் வெயிலில் உலர்த்தி, சூடு ஆறுவதற்குள் மடித்து வைப்பேன்.

* தரையில் படுப்பவர்களுக்குக் கீழே சாக்கு, அதன்மேல் பாய், பிறகு மெத்தை. மேலே எத்தனை போர்த்தினாலும் குளிர் கீழேயிருந்துதான் ஏறும்.

* கனமான ஒரு சட்டையைவிட மெல்லியதாக இரண்டு போட்டால் கதகதப்பு அதிகம். காதுக்கு மப்ளர், காலுக்குச் சாக்ஸ் அவசியம்.

* வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிப் படுக்கையில் வைத்து, படுக்கும்போது எடுத்துவிடலாம். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம்.

கரி அடுப்பு வேண்டுமென்றால், சாயங்காலம் வாசலில் திறந்த வெளியில் வைத்துக் குளிர் காயுங்கள். தணல் மிச்சமிருந்தாலும் உள்ளே கொண்டு வராதீர்கள்.

அடுப்பு எரிகிற வீட்டில் தலைவலி, தலைசுற்றல், வாந்தி வந்தால், முக்கியமாக ஒரே நேரத்தில் பலருக்கு வந்தால், குளிர் என்று பார்க்காமல் உடனே எல்லாரையும் வெளியே கூட்டி வந்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சின்ன அறையில் தங்கும் வாட்ச்மேன், தகரக் கொட்டகையில் படுக்கும் கட்டட வேலைக்காரர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். பழைய கம்பளி ஒன்றைக் கொடுத்து, இந்த விஷயத்தையும் சொல்லிவிட்டு வாருங்கள், சகோதரிகளே!