மலை ஏறித்தான் ஊருக்குப் போகணும்! ரீயூனியன் தீவின் சிகரங்கள், கணவாய்கள்: எப்போது போகலாம், எங்கே ஆபத்து?

காரோ பைக்கோ போகவே முடியாத ஊர்கள். கடைக்கு அரிசி மூட்டை ஹெலிகாப்டரில் வருகிறது. வெளியூர் போகணும்னா ஒரு மலைக் கணவாயை நடந்தே தாண்டணும். இது நடப்பது பிரான்ஸ் நாட்டின் ஆளுகைக்குட்பட்ட ரீயூனியன் தீவில். இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கிறது இந்தத் தீவு.

பரப்பளவு வெறும் 2,512 சதுர கிலோமீட்டர். கிட்டத்தட்ட நம்ம நீலகிரி மாவட்டம் அளவுதான். ஆனால் உயரமான சிகரமான பிட்டான் டெ நேஜ் 3,070 மீட்டர். நம்ம ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். கடற்கரையில் இருந்து இவ்வளவு குறைந்த தூரத்தில் இவ்வளவு உயரம் என்பதால்தான் இங்கே எல்லாமே செங்குத்து.

தீவு எப்படி இப்படி ஆனது?

ரீயூனியன் முழுக்க எரிமலை கக்கியது. பிட்டான் டெ நேஜ் அடங்கிப்போன எரிமலை. அதைச் சுற்றி மலை இடிந்தும் மழையில் அரிக்கப்பட்டும் மூன்று பெரிய கிண்ணங்கள் மாதிரி பள்ளங்கள் உருவாகின: சிலாவோஸ், சலாஸி, மஃபாட். ஒவ்வொன்றையும் சுற்றி ஆயிரம் மீட்டர் சுவர். இந்தச் சிகரங்களையும் பள்ளங்களையும் 2010-ல் யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சிலாவோஸுக்கும் சலாஸிக்கும் ரோடு உண்டு. சிலாவோஸ் ரோட்டில் மட்டும் 400 வளைவுகள் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. வாந்தி வருபவர்கள் முன் சீட்டில் உட்காருவது நல்லது. மஃபாட்டுக்கு ரோடே கிடையாது. சில நூறு பேர் வாழும் அந்தக் குக்கிராமங்களுக்குத் தபால்காரரே பல வருஷம் மலையேறித்தான் கடிதம் கொண்டு போனார்.

இந்தப் பாதைகளை முதலில் போட்டது யார்?

சுற்றுலாப் பயணிகள் இல்லை. கரும்பு, காபித் தோட்டங்களில் இருந்து தப்பி ஓடிய அடிமைகள். கடலோரத்தில் பிடிபட்டால் உயிர் போகும், அதனால் யாரும் ஏற முடியாத இடமாகப் பார்த்து ஏறினார்கள். அவர்களைத் துரத்திப் பிடிக்க பிரான்சுவா முஸார் போன்ற வேட்டைக்காரர்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டார்கள். மஃபாட் என்பதே தப்பி வந்த ஒரு தலைவரின் பெயர். சிலாவோஸ் என்பதற்கு மடகாஸ்கர் மொழியில் 'விட்டுப் போகாத இடம்' என்று பொருள் சொல்கிறார்கள். இன்று செல்ஃபி எடுக்கும் பல முனைகள் ஒரு காலத்தில் ஒளிந்திருந்தவர்கள் காவல் காத்த இடங்கள்.

1848 டிசம்பர் 20-ல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. அதற்குப் பிறகு தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே? புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏற்றப்பட்டார்கள். மலபாரில் இருந்து வராதவர்களுக்கும் 'மல்பார்' என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்கள் வாரிசுகள் இன்றும் காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள். மலை மேல் தங்கும் விடுதிகளில் ராத்திரி சாப்பாடு சோறு, பருப்பு வகை, 'கறி'. பெயரைக் கேட்டு நம்ம ஊர் குழம்பை எதிர்பார்க்க வேண்டாம், ருசி வேற.

எந்த மலை, எந்தக் கணவாய்?

பிட்டான் டெ நேஜ் ஏறுபவர்கள் பெரும்பாலும் சிலாவோஸ் பக்கம் இருந்து, சுமார் 1,380 மீட்டர் உயரத்தில் கிளம்புகிறார்கள். முதல் நாள் 2,478 மீட்டரில் உள்ள விடுதி வரை ஏறித் தூங்கணும். மறுநாள் விடிகாலை மூன்றரை, நாலு மணிக்கு நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு கிளம்பினால் சூரியன் உதிக்கும்போது உச்சியில் நிற்கலாம். ஜூலை, ஆகஸ்டில் அங்கே குளிர் பூஜ்ஜியம் டிகிரியைத் தொடும். பெயரில் பனி இருக்கிறதே தவிர, பனி விழுவது மிக அபூர்வம். ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். ஒரே நாளில் 1,700 மீட்டர் இறங்கும்போது முழங்கால் கெஞ்சும்.

அவ்வளவு வேண்டாம் என்றால் கணவாய்கள் இருக்கின்றன. சலாஸி பக்கமிருந்து எருதுக் கணவாய் வழியாக லா நூவெல் ஊருக்கு இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். வழியில் 'டமரின்' மரக்காடு வரும். பெயரைக் கேட்டால் புளியமரம்போல இருக்கும், உண்மையில் அது கருவேல இனத்தைச் சேர்ந்த மரம். சிலாவோஸ் பக்கமிருந்து போனால் 2,081 மீட்டர் டைபிட் கணவாயைத் தாண்டி மார்லா ஊரில் இறங்கணும். இது கொஞ்சம் மூச்சு வாங்கும். பாதி வழியில் மூலிகை டீ கிடைக்கும். ஏறுபவர்களுக்குக் கொடுப்பதை 'லிஃப்ட் டீ' என்று கிண்டலாகச் சொல்கிறார்கள்.

மூன்றாவது, பிட்டான் டெ லா ஃபூர்னேஸ். உயரம் 2,632 மீட்டர், தொட்டபெட்டாவைவிட 5 மீட்டர்தான் குறைவு. ஆனால் இது உயிரோடு இருக்கும் எரிமலை, உலகிலேயே அடிக்கடி வெடிப்பவற்றில் ஒன்று. 2007 ஏப்ரலில் வெடித்தபோது உச்சியில் உள்ள பள்ளத்தின் தரை 300 மீட்டருக்கும் மேல் உள்ளே போனது. எரிமலை உறுமத் தொடங்கினால் பாதையின் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பூட்டிய கேட்டைத் தாண்டுவது சாகசம் இல்லை, முட்டாள்தனம்.

உண்மையான ஆபத்து எது?

எரிமலை இல்லை. மழை. சென்னையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வது சராசரியாக 1,400 மில்லிமீட்டர். ரீயூனியனின் ஃபோக்ஃபோக்கில் 1966 ஜனவரியில் ஒரே நாளில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. 2007 பிப்ரவரியில் காமெட் புயலின்போது கொமெர்சன் பகுதியில் மூன்றே நாளில் 3,930 மில்லிமீட்டர். இரண்டுமே உலக சாதனை.

இப்படி மழை கொட்டினால் எரிமலைப் பாறை ஊறி, மலையோடு சேர்ந்து சரியும். 1875-ல் சலாஸியில் அப்படிச் சரிந்த மலை சுமார் 60 பேரை மூடிவிட்டது. 2024 ஜனவரியில் பெலால், 2025 பிப்ரவரியில் காரன்ஸ் என்று அடுத்தடுத்த வருஷங்களில் புயல் தாக்கியது. புயலுக்குப் பிறகு, வனத்துறை பார்த்து சரி என்று சொல்லும் வரை பாதைகள் மூடியே இருக்கும். நமக்கு அது ஒரு டிரிப் கேன்சல். மஃபாட்டில் இருப்பவர்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தைக்கான வழி.

எப்போது போகலாம்?

மே முதல் நவம்பர் வரை மழை குறைவு. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம், தவிர்க்கலாம். எந்த மாதம் போனாலும் காலையில் சீக்கிரம் கிளம்பணும். பத்து மணிக்கு மேல் மேகம் ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் இருட்டு. விடுதிகளில் முன்கூட்டியே இடம் பிடிக்காமல் போனால் திறந்த வெளிதான். மஃபாட்டில் ஏடிஎம் இல்லை, கையில் யூரோ நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். அவசர எண் 112.

இன்னொன்று: ரீயூனியன் பிரான்ஸின் பகுதிதான், ஆனால் ஷெங்கன் பகுதியில் சேராது. பாரிஸ் போக வாங்கிய விசாவை நம்பி டிக்கெட் போடாமல், பிரெஞ்சு விசா மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.